தோல் சொன்ன கதை – 7: கத்தி பட்ட கணக்கு

சென்ற வாரம் ஒரு பாதிரியாரைக் கத்தியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம்.

பெயர் இயோவான்னிஸ் மைரோனாஸ். கிரேக்கர். ஒரு ஜெபப் புத்தகம் எழுதியாக வேண்டும். புதுத் தோலுக்கு வழியில்லை. கையில் கிடைத்தது ஒரு பழைய புத்தகம். தையலை அறுத்தாயிற்று. ஏடுகளைப் பிரித்தாயிற்று. முதல் ஏட்டைப் பலகைமேல் விரித்து, பழைய எழுத்தின்மேல் கத்தியை வைக்கிறார். அது யாருடைய நூல் என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன்.

ஆர்க்கிமிடீஸ்.

ஆமாம், குளியல் தொட்டியிலிருந்து 'யுரேகா' என்று கத்திக்கொண்டு ஓடியதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். சிராக்யூஸ் நகரத்துக்காரர். கி.மு. 212இல் அந்த ஊர் ரோமானியர் கையில் விழுந்தபோது ஒரு சிப்பாயின் வாளுக்கு இரையானார். ஆள் போனார், எழுத்து தப்பித்தது. தப்பித்த எழுத்தைத் தேடிக்கொண்டு ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து இன்னோர் இரும்பு வந்திருக்கிறது.

★

கத்தி அப்படியே நிற்கட்டும். இந்தப் புத்தகம் அந்தப் பலகைக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஆர்க்கிமிடீஸ் எழுதியது பப்பைரஸ் சுருளில். நைல் நதிக்கரைக் கோரையிலிருந்து செய்த தாள் அது. கண்டுபிடித்ததை எழுதிக் கப்பலில் அலெக்சாண்ட்ரியாவுக்கு அனுப்பிவைப்பார். அங்கே அவர் கணக்கைப் புரிந்துகொள்ளக் கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவர் எரட்டோஸ்தனிஸ்; நிழலை அளந்தே பூமியின் சுற்றளவைச் சொன்னவர்.

சுருள் நைந்துபோவதற்குள் யாராவது பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதி நைவதற்குள் இன்னொருவர். நம் ஊரில் செல்லரிப்பதற்குள் பழைய ஓலையைப் புது ஓலைக்கு மாற்றிக்கொண்டே வந்தார்களே, அதே ஓட்டம்தான். நடுவில் ஒரு தலைமுறை அசந்தால் நூல் போச்சு.

யாரும் அசரவில்லை. சுருளிலிருந்து தோலுக்கு மாறி, கான்ஸ்டான்டிநோபிள் நகரம் வரைக்கும் ஆர்க்கிமிடீஸ் வந்துசேர்ந்தார். இடைக்காலம் வரை வந்தவை என்று நமக்குத் தெரிந்த கிரேக்க மூலப் பிரதிகள் மூன்றே மூன்று. மூன்றும் தோல் புத்தகங்கள். ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஏ, பி, சி என்று அழைக்கிறார்கள். ஏ, பி இரண்டையும் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதப்பட்டது சி.

1204 ஏப்ரலில் நான்காம் சிலுவைப் போர்ப் படை கான்ஸ்டான்டிநோபிளுக்குள் புகுந்தது. எருசலேமை மீட்கிறோம் என்று புறப்பட்டவர்கள், கிறிஸ்தவர்களின் நகரத்தையே மூன்று நாள் சூறையாடினார்கள். கால் நூற்றாண்டுக்குள் சி, கணக்குத் தெரிந்தவர்களின் அலமாரியை விட்டு, கணக்குத் தேவைப்படாத ஒருவரின் பலகைக்கு வந்துவிட்டது.

★

மைரோனாஸைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு தோல் ஏட்டின் விலை என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோல் என்றதும் ஆம்பூர், வாணியம்பாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே தோலைப் பதனிடுவார்கள். பதனிட்டது செருப்பாகும், பையாகும். எழுதும் தோலைப் பதனிடுவதில்லை. நமக்குத் தெரிந்த பொருளில் இதற்கு நெருங்கிய சொந்தம் பறைதான். பறைக்குத் தோலை எப்படி இழுத்துக் கட்டிக் காயவைக்கிறார்களோ, பார்ச்மென்ட் என்னும் இந்த எழுதும் தோலும் அப்படித்தான் பிறக்கிறது.

ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போடுவார்கள். ரோமம் தளர்ந்ததும் வழித்து எடுப்பார்கள். பிறகு ஒரு மரச்சட்டத்தில் கட்ட வேண்டும். ஆணி அடித்தால் காயும்போது தோல் கிழிந்துவிடும். அதனால் விளிம்பில் ஆங்காங்கே ஒரு கூழாங்கல்லை வைத்து, தோலோடு சேர்த்துச் சுருட்டி, அந்த முண்டின் கழுத்தில் கயிறு கட்டுவார்கள். கயிற்றின் மறுமுனை சட்டத்தில் உள்ள முளையில். முளையைத் திருகத் திருகத் தோல் விறைக்கும். ஈரமாக இருக்கும்போதே பிறை போல வளைந்த கத்தியால் சுரண்டுவார்கள். காயும், மறுபடி திருகுவார்கள், மறுபடி சுரண்டுவார்கள். வளைந்த கத்தி எதற்கென்றால், நேர்க்கத்தியின் முனை குத்தினால் போதும், விறைத்து நிற்கும் தோலில் ஊசித் துளை வட்ட ஓட்டையாக விரிந்துவிடும். பழைய புத்தகங்களில் அப்படி ஓட்டை விழுந்த ஏடுகள் ஏராளம். எழுதுகிறவர் ஓட்டையைச் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டு போயிருப்பார். தூக்கிப்போட மனசு வராது.

எப்படி வரும்? இங்கிலாந்தின் வடக்கே இரட்டை மடாலயமான வேர்மத்–ஜாரோவில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பைபிள் ஒன்று இன்றும் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் இருக்கிறது. கோடெக்ஸ் அமியாட்டினுஸ் என்று பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். அந்த அளவுக்கு ஒரு கன்றின் தோலில் இரண்டு ஏடு தேறினால் பெரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு புத்தகத்துக்கு ஐந்நூறு கன்று. நூலகம் வைத்திருந்தவர்கள் மந்தையும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே, எழுதிய தோலும் சொத்துதான். எழுத்து தேவையில்லை என்றால் தோலை மீட்டுக்கொள்வார்கள். மைரோனாஸ் செய்தது குற்றமல்ல, சிக்கனம். இதற்கென்றே ஒரு பெயரும் உண்டு: பாலிம்ப்செஸ்ட். 'மீண்டும் சுரண்டியது' என்று கிரேக்கத்தில் பொருள்.

★

சரி, கத்திக்கு வருவோம்.

மை எதனால் ஆனது? நம் ஊர் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் அந்த மைக்கு வேண்டிய மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வாங்கிவரலாம். மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காய் என்பது காயே அல்ல. ஒருவகைக் குளவி முட்டையிட்ட இடத்தில் ஓக் மரம் வீங்கி உண்டாக்கும் முடிச்சு. கைக்குழந்தைக்கு உரைமருந்தாக உரைக்கிறோமே, அதே துவர்ப்பு. அன்னபேதி, இரும்பின் உப்பு. மாசிக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். பிசின் அதைத் தோலில் பிடித்துவைக்கும்.

இந்த மை எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் படப்பட இருளும். மேலே படிந்து நிற்பதோடு விடாது, தோலின் நாருக்குள் இறங்கிக் கடித்துக்கொள்ளும். ஓலையில் எழுத்தாணி கீறுகிறது. தோலில் அந்த வேலையை மையே செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னச் சங்கதிதான் நம் கதையின் முதுகெலும்பு.

பாலோ புளிப்பான பழச்சாறோ தடவினால் எழுத்து இளகும். ஊறியதும் துடைத்து, கத்தியால் சுரண்டி, தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல்லால் தேய்த்தால் தோல் மறுபடி வெளுக்கும். ஆர்க்கிமிடீஸின் கணக்கு, வட்டங்கள், உருளைகள், எல்லாம் கத்தி முனையில் தூளாக விழுந்தன.

அழித்த ஏட்டை மடிப்போடு இரண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டையும் பக்கவாட்டில் திருப்பி, நடுவே மடித்தார்கள். பழைய புத்தகத்தின் ஓர் ஏடு புதுப் புத்தகத்தில் இரண்டு ஏடு ஆயிற்று. பழைய வரிகள் இடமிருந்து வலம் ஓடியது போய், மேலிருந்து கீழாக நின்றன. அவற்றின் குறுக்கே ஜெபங்கள் எழுதப்பட்டன. ஆர்க்கிமிடீஸ் ஒருவர் போதவில்லை. பழைய ஏதென்ஸ் பேச்சாளர் ஹைப்பரைடிஸின் உரைகள், அரிஸ்டாட்டிலுக்கு ஓர் உரைநூல் என்று இன்னும் சில புத்தகங்களும் அதே பலகையில் அறுபட்டன. 1229 ஏப்ரலில் மைரோனாஸ் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் தோலின் நாருக்குள் இறங்கிய இரும்பு அப்படியே இருந்தது.

★

ஜெபப் புத்தகம் நல்லபடியாக வாழ்ந்தது. பெத்லகேமுக்குக் கிழக்கே, யூதேயப் பாலைவனத்தின் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மார் சபா மடாலயத்தில் அது நெடுங்காலம் இருந்தது. பாதிரியார்கள் கையில் எடுத்தார்கள், படித்தார்கள், மெழுகுவத்தி சொட்டியது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் மறுபடி கான்ஸ்டான்டிநோபிளுக்கே வந்தது, எருசலேம் திருச்சபையின் கிளை மடத்துக்கு.

1840களில் அங்கே ஒருவர் வந்தார். கான்ஸ்டான்டின் டிஷண்டார்ஃப் என்ற ஜெர்மன் அறிஞர். சினாய் மலை மடத்திலிருந்து உலகின் மிகப் பழைய பைபிள் பிரதிகளில் ஒன்றை வெளிக்கொண்டுவந்தவர். இந்த நூலகத்தில் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஏதுமில்லை, கணக்குச் சம்பந்தமான ஒரு பாலிம்ப்செஸ்டைத் தவிர என்று எழுதிவைத்தார். எழுதியதோடு நிறுத்தவில்லை. புத்தகத்தின் ஓர் ஏடு அவர் சேகரிப்பில் போய்ச் சேர்ந்து, அவர் காலத்துக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது.

1899இல் பாப்பதோபூலோஸ் கெராமியஸ் என்ற கிரேக்கர் அந்த மடத்துச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டார். தன்னால் படிக்க முடிந்த அடியெழுத்தில் சில வரிகளை அட்டவணையில் அப்படியே அச்சிட்டார். ஆர்க்கிமிடீஸின் நூல்களைப் பதிப்பித்த கோபன்ஹேகன் பேராசிரியர் ஒருவரின் பார்வைக்கு அந்த அட்டவணை போனது. ஜோஹன் லுட்விக் ஹைபெர்க். கால் நூற்றாண்டாக ஆர்க்கிமிடீஸோடு குடித்தனம் நடத்தியவருக்கு இரண்டு வரி போதாதா?

சுவடியை டென்மார்க்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. 1906இல் அவரே கிளம்பி வந்துவிட்டார்.

ஒரு பக்கத்தைத் திறந்தார். கறுப்பாக, கம்பீரமாக ஜெபம். அதன் குறுக்கே, தோல் நிறத்தைவிட ஒரு சாயல் மட்டுமே கூடுதலான பழுப்பில் மெல்லிய கோடுகள். புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்தார். கோடுகள் எழுத்தாயின. எழுத்துகள் சொல்லாயின. பக்கங்களைப் புகைப்படம் எடுக்கவைத்து, ஊருக்குக் கொண்டுபோயும் படித்தார். படிக்கப் படிக்க, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நூல் எழுந்து வந்தது.

எரட்டோஸ்தனிஸுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதியது. பெயர் 'முறை'.

அதுவரை கணக்கு உலகத்துக்கு ஒரு புகார் இருந்தது. ஆர்க்கிமிடீஸ் விடையைச் சொல்கிறார், நிரூபிக்கிறார்; விடைக்கு எப்படி வந்தார் என்பதை மட்டும் சொல்வதில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர், இந்த மனிதர் வேண்டுமென்றே தடயத்தை மறைத்திருக்கிறார் என்றே சந்தேகப்பட்டார். மறைத்தவர் ஆர்க்கிமிடீஸ் அல்ல. வழியை அவர் எரட்டோஸ்தனிஸுக்கு விலாவாரியாகவே எழுதியிருந்தார்: ஒரு வளைவுக்குள் அடங்கிய பரப்பை மெல்லிய கீற்றுகளாக அரிந்துகொள், மனசுக்குள் ஒரு தராசு கட்டு, கீற்றுகளை ஒரு பக்கம் தொங்கவிட்டு, தெரிந்த உருவத்தின் கீற்றுகளை மறுபக்கம் தொங்கவிடு, விடை நிறுத்து வரும். அப்புறம் உட்கார்ந்து முறையாக நிரூபி. வருங்காலத்தவர் யாராவது இந்த வழியில் புதியவற்றைக் கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் ஆசை. வாலிஸ் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் அதற்கான பதில் ஒரு ஜெபப் புத்தகத்தின் அடியில் குறுக்குவாட்டில் படுத்திருந்தது.

1907 ஜூலை 16இல் 'நியூயார்க் டைம்ஸ்' இந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டது.

★

ஏ, பி இரண்டையும் நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவற்றை யாரும் சுரண்டவில்லை. மதிப்புத் தெரிந்தவர்கள் கையில் பத்திரமாக இருந்தன. 1269இல் இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு மோர்பெக் ஊர் வில்லியம் லத்தீனில் மொழிபெயர்த்தார். பி, போப்பாண்டவரின் நூலகத்தில் 1311ஆம் ஆண்டுப் பட்டியலில் கடைசியாகத் தலைகாட்டியது. ஏ, இத்தாலியச் சீமான்கள் கைமாற்றிக் கைமாற்றி, 16ஆம் நூற்றாண்டில் காணாமல்போனது. இன்றுவரை இரண்டுமே கிடைக்கவில்லை. 'முறை' அந்த இரண்டிலும் இல்லவும் இல்லை.

போற்றி வைத்த இரண்டும் போய்விட்டன. சுரண்டி எறிந்த ஒன்று நிற்கிறது. கணக்குப் புத்தகமாகவே இருந்திருந்தால், கணக்குத் தெரியாத ஒரு மடத்தில் எழுநூறு ஆண்டு அதை யார் கட்டிக்காத்திருப்பார்கள்? ஜெபம் என்பதால் தொட்டுக் கும்பிட்டுப் பத்திரப்படுத்தினார்கள். மைரோனாஸின் கத்தி ஆர்க்கிமிடீஸை அழிக்க வந்ததுதான். வந்த வழியில் அவருக்கு ஒரு மாறுவேடம் போட்டுவிட்டுப் போய்விட்டது.

★

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

ஹைபெர்க் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. தையலுக்குள் மடங்கிப்போன வரிகள், படத்தில் விழாத பக்கங்கள் எல்லாம் பாக்கி. பின்னால் யாராவது வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலையில்தான் உலகப் போர் வந்தது. அதைத் தொடர்ந்து கிரேக்க–துருக்கிப் போர். அந்தக் குழப்பத்தில் மடத்துச் சுவடிகள் பல இடம் மாறின. நம் புத்தகம் கண்ணிலிருந்து மறைந்தது. பாரிஸில் ஒரு குடும்பத்தின் வீட்டில் அது கிடந்த செய்தி வெளியுலகத்துக்கு வர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

1998 அக்டோபர் 29. நியூயார்க், கிறிஸ்டீஸ் ஏலக் கூடம். புத்தகம் எங்களுடையது, களவுபோனது என்று எருசலேம் கிரேக்கத் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போயும் ஏலம் நிற்கவில்லை. கிரேக்க அரசு விடாமல் கேட்டது. அதையும் தாண்டி, பெயர் சொல்ல விரும்பாத ஒருவருக்காக 20 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. வாங்கியவர் பூட்டிவைக்கவில்லை. 1999இல் பால்டிமோரில் உள்ள வால்ட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்: பிரியுங்கள், படியுங்கள், செலவு என்னுடையது.

சுவடிக் காப்பாளர் வில்லியம் நோயலும் பழுதுபார்ப்பவர் அபிகேல் குவாண்டும் புத்தகத்தைத் திறந்தார்கள்.

ஹைபெர்க் பார்த்த புத்தகமா இது? பூஞ்சை பிடித்து ஏடுகள் ஊதாக் கறையாகிக் கிடந்தன. 177 ஏடுகளில் மூன்றைக் காணோம். முதுகில் யாரோ நவீனப் பசையை வழித்துப் பூசியிருந்தார்கள்; இளக்கினால் ஏடும் சேர்ந்து வரும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனபோது நான்கு இடங்களில் எழுத்தே இல்லை. அங்கே தங்கம் பளபளத்தது. தகதகக்கும் பொன் பின்னணியில் நான்கு சுவிசேஷகர்களின் உருவங்கள், பழைய பைசாந்தியப் பாணியில், முழுப் பக்க அளவுக்கு.

ஹைபெர்க்கின் 1906ஆம் ஆண்டுப் புகைப்படங்களை எடுத்துப் பார்த்தார்கள். அப்போது அந்த ஓவியங்கள் இல்லை.

வண்ணத்தைச் சோதித்தார்கள். அதில் இருந்த ஒரு பச்சை நிறம் 1938க்கு முன்னால் சந்தைக்கே வந்ததில்லை. ஆக, இது இடைக்காலத்து ஓவியமே அல்ல. 20ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர், பழைய சுவடிக்குப் படம் இருந்தால் விலை கூடும் என்று வரைந்த போலி. மைரோனாஸுக்குத் தோல் பஞ்சம் என்று ஒரு நியாயம் இருந்தது. இவருக்கு என்ன நியாயம்? கத்தி விட்டுவைத்ததைத் தூரிகை மூடிவிட்டது.

விதவிதமான ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்த்தார்கள். மற்ற பக்கங்களில் பழைய எழுத்துகள் எழுந்து வந்தன. அந்த நான்கு பக்கங்கள் மட்டும் வாயே திறக்கவில்லை. எந்த ஒளியும் பொன்னைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஓவியத்தைச் சுரண்டி எடுக்கலாமா? சுரண்டினால் ஏற்கெனவே ஒருமுறை கத்தி பட்ட அந்தத் தோலில் என்ன மிஞ்சும்?

கலிஃபோர்னியாவில் ஓர் இயற்பியலாளர். கிரேக்க மொழி அவருக்குத் தெரியாது, சுவடிகளோடும் சம்பந்தமில்லை. ஒருநாள் ஒரு பத்திரிகையில் இந்தப் புத்தகத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். அழிந்த மையில் இருந்தது இரும்பு என்று ஒரு வரி வந்தது. அவர் அந்த வரியிலேயே நின்றுவிட்டார்.

இரும்பைப் பார்க்கும் ஓர் இயந்திரம் அவரிடம் இருந்தது. ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொண்டிருக்கும் இயந்திரம். அதற்குள் ஆயிரம் ஆண்டுத் தோலை நீட்டினால் எழுத்து தெரியுமா, தோல் கருகுமா?

(அடுத்த வாரம்: பொன்னுக்குக் கீழே)